லாபம் லண்டனுக்கு, நட்டம் லிங்கிக்கு: ரகுராம் ராஜனைத் தோட்டத்திலிருந்து வாசித்தல்

ஒரு கம்பெனி சம்பாதிக்கும் பணம் யாருக்குச் சேர வேண்டும்? நிறுவன நிதியியல் பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு வரிசை சொல்கின்றன. தொழிலாளிக்குச் சம்பளம், கடன் கொடுத்தவருக்கு வட்டி, அரசாங்கத்துக்கு வரி. இதெல்லாம் போக மிஞ்சுவது முழுக்கப் பங்குதாரருக்கு. ஏன் அவருக்கு மட்டும்? நட்டம் வந்தால் முதல் அடி வாங்குபவர் அவர்தான், அதனால் லாபத்திலும் மிச்சம் அவருக்கே. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போர்ட்டிக்சன் வட்டாரத்தில் பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த யாரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். லிங்கியின் நூறு வருட வரலாற்றில் முதல் அடி வாங்கியது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கேள்வியை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நிறுவன நிதியியலுக்குள்ளேயே இருந்துகொண்டு அதைக் கேட்ட ஒரு பேராசிரியர் இருக்கிறார். ரகுராம் ராஜன். நம்மில் பலருக்கு அவர் இந்திய ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர், யூடியூப் பேட்டிகளில் நிதானமாகப் பேசும் தமிழ் வம்சாவளிக்காரர். அவர் முப்பது வருடமாக என்ன ஆராய்ச்சி செய்தார் என்று தமிழில் யாரும் அதிகம் எழுதவில்லை. அந்த ஆராய்ச்சியை லிங்கியில் வைத்துப் படித்தால் நம்முடைய சொந்தக் கதை வேறு வெளிச்சத்தில் தெரிகிறது.

பொறியியலில் இருந்து சிகாகோவுக்கு

ராஜன் 1963-இல் போபாலில் பிறந்தார். அப்பா இந்திய அரசாங்க அதிகாரி. அதனால் சின்ன வயதில் இந்தோனேசியா, இலங்கை, பெல்ஜியம் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தார். 1985-இல் டெல்லி ஐஐடியில் மின்பொறியியல் முடித்தார். 1987-இல் அகமதாபாத் ஐஐஎம்மில் மேலாண்மைப் பட்டம். பிறகு அமெரிக்காவில் எம்ஐடி. அங்கே 1991-இல் வங்கித் தொழில் பற்றிய கட்டுரைகளுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அதே வருடம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். நாலே வருடத்தில் முழுப் பேராசிரியர் ஆனார். நாற்பது வயதுக்குள் நிதியியலில் பெரிய பங்களிப்பு செய்தவருக்கு அமெரிக்க நிதியியல் சங்கம் தரும் ஃபிஷர் பிளாக் பரிசு 2003-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. வாங்கியவர் ராஜன். அந்த வருடமே அனைத்துலகப் பண நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணர் ஆனார்.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் மத்திய வங்கிக்காரர்கள் கூடிய கூட்டத்தில் ஒரு கட்டுரை படித்தார். நிதித்துறையின் வளர்ச்சி உலகத்தை இன்னும் ஆபத்தானதாக ஆக்கிவிட்டதா என்பதுதான் கேள்வி. லாபம் வந்தால் போனஸ், நட்டம் வந்தால் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற ஏற்பாட்டில் மேலாளர்கள் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளைச் சேர்த்துக்கொண்டே போவார்கள் என்றார். கூட்டத்தில் இருந்த பெரிய தலைகள் அவரைப் பழமைவாதி போலப் பார்த்தார்கள். மூன்றே வருடத்தில், 2008-இல், லீமன் பிரதர்ஸ் விழுந்தது.

தீர்க்கதரிசனம் என்று இதைக் கொண்டாடுவது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லாபம் ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு என்று பிரித்துவைத்தால் என்ன நடக்கும் என்பதுதான் அவருடைய பெரும்பாலான ஆராய்ச்சிக்கும் அடியில் ஓடும் கேள்வி. அதற்கு லிங்கியைவிட நல்ல உதாரணம் எங்கே தேட?

ஏழு வருடம் காத்திருக்கும் பணம்

லிங்கி ஆறு நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கின் ஈயம் இந்த ஆற்று வழியாகத்தான் மலாக்காவுக்குப் போனது. ஆற்றில் யார் சுங்கம் வசூலிப்பது என்பதற்காகவே சண்டைகள் நடந்தன. 1874-இல் ஆங்கிலேயர் உள்ளே நுழைந்தார்கள். 1891-இல் சிரம்பானில் இருந்து போர்ட்டிக்சனுக்கு ஒரு தனியார் கம்பெனி ரயில் பாதை போட்டது. ஆற்றின் காலம் முடிந்தது. சுற்றியிருந்த நிலத்தில் காப்பி போட்டார்கள். 1890-களின் கடைசியில் பிரேசில் காப்பியால் உலகச் சந்தையில் விலை சரிந்தது. காப்பிக்கு நடுவே பால்மரம் முளைத்தது இப்படித்தான்.

பால்மரத்தில் ஒரு சிக்கல் உண்டு. கன்று நட்டால் ஆறேழு வருடம் ஒரு சொட்டுப் பால் கிடையாது. காட்டை வெட்ட வேண்டும், வடிகால் தோண்ட வேண்டும், லயன் கட்ட வேண்டும், ஆள் கொண்டுவர வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வருமானம் பூஜ்யம். இவ்வளவு காலம் காத்திருக்கும் பணம் எங்கிருந்து வரும்?

ராஜனும் அவருடைய நீண்டகால ஆய்வுத் தோழர் லூயிஜி சிங்காலெஸும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையின் மையம் இதுதான். சில தொழில்கள் தங்கள் சொந்த வருமானத்தை வைத்தே வளர்ந்துவிடும். சில தொழில்களுக்கு வெளிப் பணம் இல்லாமல் முடியாது. நிதிச் சந்தை வளர்ந்த நாடுகளில் இந்த இரண்டாவது வகைத் தொழில்கள் மற்றவற்றைவிட வேகமாக வளர்கின்றன என்று பல நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டுக் காட்டினார்கள். அதற்கு முன் ‘வங்கி வளர்ந்ததால் நாடு வளர்ந்ததா, நாடு வளர்ந்ததால் வங்கி வளர்ந்ததா’ என்று முடியாத விவாதம் நடந்துகொண்டிருந்தது. தொழில் வாரியாகப் பிரித்துப் பார்த்த இந்த முறை அதற்கு ஒரு வழி காட்டியது. இன்றும் நிதியியலில் அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று அது.

மலாயாவில் நடந்ததும் அதேதான். காத்திருக்கும் பணம் லண்டன் பங்குச்சந்தையில் இருந்தது. அங்கே பதிவான எத்தனையோ ரப்பர் கம்பெனிகளில் லிங்கி பிளாண்டேஷன்ஸும் ஒன்று. இரண்டு ஷில்லிங் பங்குகள் அந்தக் காலத்தில் பிரபலம். விலை குறைவு என்பதால் லண்டனில் குமாஸ்தாவும் விதவையும் பாதிரியாரும்கூட வாங்கலாம். 1910 ஏப்ரலில் ரப்பர் விலை ஒரு ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. உற்பத்திச் செலவோ அதில் சிறு பகுதிதான். முகமதிப்பைப் போல ஒரு மடங்கு, இரண்டு மடங்கு என்று ஒரே வருடத்தில் டிவிடெண்ட் கொடுத்த கம்பெனிகள் உண்டு. லிங்கி ஆற்றை வாழ்க்கையில் பார்க்காதவர்களுக்கு லிங்கி மரத்தின் பால் பணமாகப் போய்ச் சேர்ந்தது.

இதுவரை ராஜனின் கணக்கு சரி. சந்தை இல்லாவிட்டால் இந்தத் தோட்டங்கள் இவ்வளவு வேகமாக வந்திருக்காது. ஆனால் அந்தக் கட்டுரை அளப்பது தொழிலின் வளர்ச்சியை. வளர்ச்சி யார் வீட்டு உலையில் கொதித்தது என்பதை அது அளக்கவில்லை.

உள்ளே இருப்பவன்

1992-இல் ராஜன் எழுதிய ஒரு கட்டுரை கடனைப் பற்றியது. கடன் கொடுப்பவர்களில் இரண்டு வகை. ஒருவர் கம்பெனியை உள்ளும் புறமும் அறிந்த வங்கிக்காரர். இன்னொருவர் பத்திரத்தை மட்டும் வாங்கிவிட்டுத் தூரத்தில் இருப்பவர். உள்ளே இருப்பவர் கண்காணிப்பார், தப்பான வழியில் போனால் தடுப்பார். அது நல்லது. ஆனால் நம்முடைய எல்லா விஷயமும் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றால் நம்மால் வேறு ஆளிடம் போக முடியாது. அந்தப் பிடியைப் பயன்படுத்தி லாபத்தில் ஒரு பங்கைக் கறந்துவிடுவார். நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு என்பதைக் கணிதமாகச் சொன்ன கட்டுரை அது.

இதை வாசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் கங்காணி. துரைக்குத் தமிழ்நாட்டுக் கிராமம் தெரியாது. கிராமத்தானுக்கு மலாயா தெரியாது. இரண்டையும் தெரிந்தவர் கங்காணி. யாருக்கு எவ்வளவு கடன், எந்த வீட்டில் பஞ்சம், யார் ஓடிப்போவான், யார் ஓடமாட்டான் என்ற விவரமெல்லாம் அவர் கையில். அந்த விவரம்தான் அவருடைய முதல். ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. 1907-இல் குடியேற்ற நிதி என்று ஒரு பொதுக் கணக்கு உருவானது. ஆள் கொண்டுவரும் செலவைத் தோட்டங்கள் எல்லாம் பகிர்ந்துகொண்டன. சட்டப்படி தொழிலாளி கடன் இல்லாமல் கரையிறங்கினார். ஆனாலும் பெரட்டில் பெயர் கூப்பிடுவதும், நல்ல நிரையா மோசமான நிரையா என்று முடிவாவதும், கல்யாணத்துக்குக் கைமாற்று கிடைப்பதும் அதே ஆளின் வாய் வழியாகத்தான். கடன் போனாலும் பிடி போகவில்லை.

இதற்கு மறுபக்கம் செட்டியார் கிட்டங்கி. லண்டன் பணம் பெரிய தோட்டத்துக்குத்தான் வந்தது. ஐந்து ஏக்கர் வைத்திருந்த மலாய்க்காரரையோ சீனரையோ லண்டனுக்குத் தெரியாது. அவர்களைத் தெரிந்தவர் செட்டியார். சொந்த முதல்பணத்தோடு உறவினரின் மேல்பணம், ஆச்சிமார் பணம், கோயில் பணம் எல்லாம் சேர்த்து, மூன்று வருடத் தவணையில் முகவரை அனுப்பி நடத்திய தொழில் அது. ராஜனும் மிட்செல் பீட்டர்சனும் 1994-இல் அமெரிக்காவின் சிறு தொழில்களை ஆராய்ந்து, கடன் கொடுப்பவரோடு நெருக்கம் இருந்தால் வட்டி குறைவதைவிடக் கடன் கிடைப்பதுதான் பெரிய பலன் என்று கண்டார்கள். வட்டி எவ்வளவு என்பது அப்புறம். கொடுப்பாரா இல்லையா, அதுதான் முதல் கேள்வி. கிட்டங்கிக் கணக்கு இதைத்தான் சொல்லும். விலை சரிந்தபோது அதே நெருக்கம் கழுத்தைப் பிடித்தது. அடகு நிலம் கைமாறியது. 1913-இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை 1933-இல் அரசாங்கம் இன்னும் இறுக்கியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

1932: முதல் அடி யாருக்கு?

ரப்பர் விலை 1910-இல் உச்சத்தில் 12 ஷில்லிங்குக்கு மேல் என்றேன். 1932-இல் அது இரண்டு பென்னிக்கும் கீழே இறங்கியது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. கணக்குப் போட்டால் எழுபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

பங்குதாரருக்கும் அடிதான். டிவிடெண்ட் நின்றது, பங்கு விலை விழுந்தது. பாடப்புத்தகம் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். ஆனால் அவருக்கு இரண்டு கவசங்கள் இருந்தன. ஒன்று, வரையறுக்கப்பட்ட பொறுப்பு. போட்ட பணத்துக்கு மேல் ஒரு காசு போகாது. இரண்டாவது, பரவலாக்கம். அவர் கையில் ரப்பர் பங்கோடு தேயிலை, ஈயம், அர்ஜென்டினா ரயில்வே என்று பலதும் இருக்கலாம்.

பால் வெட்டுபவருக்கு எது பரவலாக்கம்? அவருடைய உடம்பு ஒன்று. அது ஒரே தோட்டத்தில், ஒரே பயிரில் போட்ட முதலீடு. வீடு தோட்டத்துடையது, கடை தோட்டத்துக்குள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தோட்டத்தில். வேலை போனால் எல்லாமே ஒரே நாளில் போகும். மலாயாவில் 1920-களின் கடைசியில் பல பகுதிகளில் நிர்ணயமாகியிருந்த ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற நாள் சம்பளம் 1930-இல் ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. பிறகு இன்னும் இறங்கியது. 1931, 1932-இல் மலாயாவுக்கு வந்த தமிழரைவிடக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்களே மிக அதிகம். கொண்டுவர உருவான அதே குடியேற்ற நிதி திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. கம்பெனியின் கணக்கில் சம்பளம் ‘நிலையான செலவு’ என்று பாடத்தில் இருக்கும். தோட்டத்தில் மிகச் சுலபமாக வெட்டக்கூடிய செலவு அதுதான். “பால் வெல ஏறினா தொரைக்குக் காரு, எறங்குனா நமக்குக் கப்பலு” என்று என் பாட்டி சொல்வார். அவர் நிதியியல் படித்ததில்லை.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம். 1934-இல் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம். உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்கும் ஏற்பாடுகள் இவை. லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த பி. டி. பாவர் 1948-இல் வெளியிட்ட ரப்பர் பற்றிய நூலில் இதை ஆராய்ந்தார். சிறுதோட்டக்காரர்கள் குறைந்த செலவில் உற்பத்தி செய்தார்கள், ஆனால் ஒதுக்கீட்டில் அவர்களுக்குக் குறைத்தே கொடுக்கப்பட்டது, புதிதாக நடவும் தடை வந்தது என்று காட்டினார்.

ராஜனும் சிங்காலெஸும் 2003-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே முதலாளித்துவத்தை முதலாளிகளிடமிருந்து காப்பாற்றுவது பற்றியது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சுதந்திரச் சந்தை பிடிக்காது, புதியவர்கள் வந்துவிடுவார்கள் என்பதால் அரசாங்கத்தைப் பிடித்துக் கதவைச் சாத்துவார்கள் என்பது அதன் வாதம். அதே வருடம் வந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வு, பல நாடுகளின் நிதிச் சந்தைகள் 1980-இல் இருந்ததைவிட 1913-இல் அதிகம் வளர்ந்திருந்தன என்று காட்டியது. இடையில் நடந்த பின்னடைவுக்கு உள்ளே இருந்தவர்களின் நலன்தான் முக்கியக் காரணம் என்றார்கள். ரப்பர் பங்குகள் பறந்த வருடங்களும், அதற்குப் பின் வந்த கட்டுப்பாட்டு வருடங்களும் இந்த வரைபடத்தில் அப்படியே பொருந்துகின்றன.

கத்தி பிடித்த கை

1998-இல் இருவரும் எழுதிய இன்னொரு கட்டுரை நிறுவனத்துக்குள் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டது. சொத்துக்குச் சொந்தக்காரராக இருப்பது மட்டும் அதிகாரம் அல்ல, முக்கியமான ஒரு வளத்தைத் தொட்டு வேலை செய்யும் வாய்ப்பும் அதிகாரத்தைத் தரும் என்றார்கள். அந்த வளத்துக்கு ஏற்றபடி தன்னைப் பழக்கிக்கொண்டவர் நிறுவனத்துக்குத் தவிர்க்க முடியாதவர் ஆகிறார்.

பால் வெட்டு அப்படிப்பட்ட வேலை. கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஒரு மரம் முப்பது வருடம் பால் தருமா என்பதை முடிவு செய்தது லண்டன் இயக்குநர் சபை அல்ல, இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போன ஒரு பெண்ணின் மணிக்கட்டு. ஆனால் அந்தத் திறமையை வெளியே எங்கே விற்பது? பக்கத்துத் தோட்டத்திலும் அதே சம்பளம். தோட்டத்துக்காகவே தேர்ந்த கை, தோட்டத்தோடு கட்டுப்பட்ட கையாகவும் ஆனது. ராஜனின் கோட்பாட்டில் இருக்கும் வாக்குறுதி தோட்டத்தில் பாதிதான் நிறைவேறியது.

மீதிப் பாதி எவ்வளவு முக்கியம் என்று 1950-களில் தெரிந்தது. 1957-இல் விடுதலை வரும் சமயத்தில் பல வெளிநாட்டு உரிமையாளர்கள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லும் சொல் அதுதான். விற்பவருக்கு லாபம், வாங்கியவருக்கு லாபம். மூன்று தலைமுறையாக மரம் வளர்த்தவர்களுக்கு வீடும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. நிறுவன நிதியியலில் இதற்கு மதிப்பு உருவாக்கம் என்று பெயர் வைக்கலாம். உருவான மதிப்பில் ஒரு பகுதி தொழிலாளியிடமிருந்து எடுத்தது.

இந்தக் கம்பெனிகளை யார் ஆள்கிறார்கள் என்ற கேள்வியை அப்போதே ஒருவர் எழுப்பியிருந்தார். ஜேம்ஸ் புதுச்சேரி. கேரள வம்சாவளி, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், இடதுசாரி. சிங்கப்பூரில் 1956 முதல் 1959 வரை சிறையில் இருந்தபோது மலாயாப் பொருளாதாரத்தின் உரிமையையும் கட்டுப்பாட்டையும் பற்றி எழுதிய நூல் 1960-இல் வெளிவந்தது. தோட்டங்களின் பங்குகள் ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடந்தாலும் முடிவெடுப்பது ஒரு சில முகவாண்மை நிறுவனங்கள்தான் என்று அவர் காட்டினார். உரிமை வேறு, கட்டுப்பாடு வேறு. நிதியியல் பேராசிரியர்கள் மாதிரிகள் போட்டு விளக்கியதை அவர் சிறைக்குள் கம்பெனி அறிக்கைகளை வைத்து விளக்கினார்.

அதே 1960-இல் துன் சம்பந்தன் வேறொரு பதில் சொன்னார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. இரண்டு ஷில்லிங் பங்கால் லண்டன் குமாஸ்தா லிங்கியில் சொந்தக்காரர் ஆனார் என்றால், பத்து வெள்ளித் தவணையால் பால் வெட்டியவரே தோட்டத்தில் சொந்தக்காரர் ஆனார். மலேசியத் தமிழர் வரலாற்றில் நிறுவன நிதியியல் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். இதை நாம் சம்பந்தனின் பெருந்தன்மையாக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். லாபத்தின் மிச்சத்தைக் கேட்கும் உரிமையை, ஆபத்தை உண்மையில் சுமந்தவர்கள் கையில் கொடுத்த ஏற்பாடு அது.

உரிமையாளர் மாறினார்

1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலையில் லண்டன் சந்தையில் மலேசியாவின் பிஎன்பி சில மணி நேரத்தில் கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. விடியல் தாக்குதல் என்று பெயர். நாட்டுக்கு அது வெற்றிதான். 2007-இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாயின. பால்மரம் போய்ச் செம்பனை வந்திருந்தது. தோட்டத் தமிழர்கள் பட்டணத்துப் புறநகர்களுக்குப் போயிருந்தார்கள். தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது 2013-இல். பங்குச்சந்தையில் உரிமை ஒரே காலையில் மாறிவிடும். தொழிலாளியின் கணக்கு மாற எத்தனை காலமானது பாருங்கள்.

ராஜன் 2019-இல் எழுதிய புத்தகம் மூன்றாவது தூணைப் பற்றியது. அரசு, சந்தை இரண்டும் போக மூன்றாவது, சமூகம். ஊர், பள்ளி, அக்கம்பக்கம். சந்தையும் அரசும் வளர்ந்து சமூகத்தை நசுக்கிவிட்டன என்கிறார். சிகாகோவில் இருந்து அவர் இதற்கு வந்து சேர முப்பது வருடமாயிற்று. தோட்டத்தில் அந்தத் தூண் கண்ணுக்குத் தெரிந்தது. மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, பந்து விளையாடும் திடல், சாவு வீட்டில் கூடும் கூட்டம். இவற்றில் எதுவும் எந்தக் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பிலும் சொத்தாக எழுதப்படவில்லை. அதனால்தான் தோட்டத்தை விற்றபோது அவற்றுக்கு விலை பேசப்படவில்லை.

ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, 2014 நவம்பரில் ஆனந்த் நகரில் பேசிய ராஜன், பெரிய கடனாளிகள் நல்ல காலத்து லாபத்தை வைத்துக்கொண்டு கெட்ட காலத்து நட்டத்தை வங்கிகள் தலையில் தள்ளுவதைக் கடுமையாகச் சாடினார். ஆபத்தே இல்லாத முதலாளித்துவம் என்று ஒன்று இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அதே அளவுகோலைத் தொழிலாளி பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் லிங்கியிலிருந்து வாசிக்கும் எனக்குத் தோன்றுவது. ஆபத்தைச் சுமப்பவருக்கே மிச்சம் என்பதுதான் விதி என்றால், 1932-இல் கப்பலேறியவர்களும், துண்டாடலில் வீடிழந்தவர்களும் அந்தக் கம்பெனிகளின் பங்குதாரர்கள்தான். அவர்களுக்கான டிவிடெண்ட் இன்னும் பாக்கி.